2025 ஆகஸ்ட் பாதி ஆகிவிட்டது, ஐஎஸ்எல் கால்பந்துக்கு இன்னும் அட்டவணை இல்லை: சென்னையின் எஃப்.சி. ரசிகர்கள் என்ன செய்கிறீர்கள்?

பெரம்பூர்_நீலம் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. வழக்கமாக இந்த மாதத்தில் நான் இங்கே வந்து கேட்கும் கேள்விகளே வேறு. இடது பக்க டிஃபென்ஸுக்கு ஆள் எடுத்துவிட்டார்களா, போன வருடம் முழுக்க ஓடி ஓடிக் கிராஸ் போட்ட கானர் ஷீல்ட்ஸ் இருப்பாரா, அந்தக் கிராஸை உள்ளே தள்ள ஒருத்தர் வருவாரா, முதல் மேட்ச் நம் ஊரிலா வெளியூரிலா, இப்படித்தான் கேட்பேன். போன சீசனில் 13 அணிகளில் நமக்கு 11-வது இடம், 24 மேட்சில் 27 புள்ளி. அதை நினைத்துக் கோபப்பட்டு, இந்த வருடமாவது தேறுவோமா என்று கவலைப்பட வேண்டிய நேரம் இது. ஆனால் ஜூலை 11-ஆம் தேதி ஐஎஸ்எல், அதாவது இந்தியன் சூப்பர் லீக்கை நிறுத்தி வைப்பதாகக் கிளப்புகளுக்குச் சொல்லிவிட்டார்கள். ஆகஸ்ட் முதல் வாரத்தில் நம் கிளப்பும் செயல்பாடுகளைத் தற்காலிகமாக நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. அணி எப்படி ஆடும் என்று பயந்த காலம் போய், அணி ஆடுமா என்றே தெரியாத நிலைக்கு வந்துவிட்டோம்.

எனக்கு இது புது மாதிரி பயமாக இருக்கிறது. பழைய பயம் பழகிப்போன ஒன்று. 2018 மார்ச்சில் பெங்களூருவில் வைத்தே பெங்களூருவை 3-2 அடித்துக் கோப்பை தூக்கினோம், அடுத்த சீசனில் 18 மேட்சில் 9 புள்ளியோடு கடைசி இடம். அதற்கடுத்த வருடம் தொடக்கத்தில் தடுமாறி, ஓவன் காயில் கோச்சாக வந்த பிறகு எழுந்து ஃபைனல் வரை போனோம். ஆகவே நம் அணியை வைத்து யாரும் ஜோசியம் சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரியும், அதற்கெல்லாம் மனம் தயாராகவே இருக்கும்.

2015 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் இருக்கிறதா? எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். அந்த நேரத்தில் நம் ஹோம் செமிஃபைனலையே புனேயில் கொண்டுபோய் வைத்தார்கள், அங்கே கொல்கத்தாவை 3-0 என்று அடித்தோம். அப்புறம் டிசம்பர் 20, கோவாவில் ஃபைனல். எங்கள் வீட்டு டிவி நனைந்து போய்விட்டதால் எதிர் வீட்டு மாடியில் பதினைந்து பேர் உட்கார்ந்து பார்த்தோம். 87-வது நிமிடத்தில் கோவா 2-1 என்று ஆக்கியதும் ஒருவர் எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்தார். 90-வது நிமிடத்தில் அவர்கள் கீப்பர் கட்டிமணியின் ஓன் கோல், மூச்சு விடுவதற்குள் மெண்டோசாவின் கோல், 3-2. அவர் ஒரு காலில் மட்டும் செருப்போடு குதித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஊரே மூழ்கிக் கிடந்தபோதுகூட மேட்ச் எங்கேயோ நடந்தது. அதனால்தான் இந்த வருடத்து அமைதி இவ்வளவு உறுத்துகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் ஏழாம் வகுப்பு. 2018 செமிஃபைனலில் கோவாவை நேரு ஸ்டேடியத்தில் 3-0 அடித்த அன்று என் தோளில் உட்கார்ந்து பார்த்தவள், அதுதான் அவளுக்கு முதல் மேட்ச். இப்போது ஒவ்வொரு வருடமும் ஒரு நோட்டில் அட்டவணையைக் கையாலேயே எழுதுவாள். நம் ஊர் மேட்ச் நீல மை, வெளியூர் மேட்ச் கறுப்பு மை, பக்கத்தில் ஸ்கோர் போட ஒரு சின்னக் கட்டம், கோல் அடித்தவர் பெயருக்கு ஒரு நீளக் கட்டம். இந்த வருடமும் ஜூன் மாதமே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு 1 முதல் 24 வரை எண் எழுதி வைத்துவிட்டாள். அந்தப் பக்கம் அப்படியே காலியாக இருக்கிறது. தினமும் சாப்பிடும்போது "அப்பா, ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்கிறாள்.

நான் ஷிஃப்ட் வேலை. மாலை மேட்சுக்குப் போக வேண்டும் என்றால் இப்போதே கூட வேலை செய்பவர்களிடம் சொல்லி மாற்றி வைக்க வேண்டும், பெங்களூரு மேட்சுக்கு இரண்டு நாள் லீவு தனி. எந்தத் தேதியைச் சொல்வது? இதற்கு நடுவில் நண்பர்கள் எல்லாரும் பிரீமியர் லீக் தொடங்கிவிட்டதே, அதைப் பார் என்கிறார்கள். பார்க்கிறேன், நல்ல ஆட்டம்தான். ஆனால் அந்த மேட்சுக்கு மூர்மார்க்கெட்டில் இறங்கி, ரிப்பன் கட்டடத்தைத் தாண்டி, வழியில் சுண்டல் வாங்கித் தின்றுகொண்டு மகளோடு நடந்து போக முடியாதே.

எப்போது தொடங்கும் என்று உங்களுக்கு ஏதாவது தெரியுமா? தெரியாது என்றால், அதுவரை நீங்கள் எப்படித் தாக்குப்பிடிக்கிறீர்கள்? அவளிடம் என்ன சொல்வது?

மையவட்டம் பதில்:

முதலில் ஒன்று. லீக் ரத்து என்று யாரும் சொல்லவில்லை, நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இந்த வித்தியாசத்தை மகளிடம் சொல்லலாம், அவள் புரிந்துகொள்ளும் வயதுதான்.

காரணம் பலருக்குத் தெளிவாகத் தெரியவில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அகில இந்தியக் கால்பந்து ஃபெடரேஷன் 2010 டிசம்பரில் ஐஎம்ஜி-ரிலையன்ஸ் நிறுவனத்தோடு 15 வருடத்துக்கு ஓர் ஒப்பந்தம் போட்டது. இந்தியக் கால்பந்தின் டிவி, ஸ்பான்சர் மாதிரியான வணிக உரிமைகள் அதில் அடங்கும். அந்த உரிமையில்தான் எஃப்எஸ்டிஎல் நிறுவனம் 2014 முதல் ஐஎஸ்எல் நடத்துகிறது, வருடத்துக்கு 50 கோடி ரூபாய் ஃபெடரேஷனுக்குப் போகிறது. அந்த ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8-ஆம் தேதியோடு முடிகிறது. செப்டம்பரில் சீசனைத் தொடங்கினால் மூன்றில் ஒரு பங்கு ஆடி முடிப்பதற்குள் நடத்துபவருக்கு நடத்தும் உரிமையே இருக்காது. டிசம்பருக்குப் பிறகு யார் என்று தெரியாமல் எந்த ஸ்பான்சர் பணம் போடுவார், எந்த டிவி கையெழுத்துப் போடும்?

சரி, புதுப்பித்துவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். ஃபெடரேஷனின் புதிய சட்டதிட்டம் தொடர்பான வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது. முன்னாள் நீதிபதி நாகேஸ்வர ராவ் தயாரித்த வரைவு அது. தீர்ப்பு வரும்வரை இந்த ஒப்பந்தத்தில் புதிதாக முடிவு எடுக்கக் கூடாது என்று சொல்லப்பட்டிருக்கிறது. ஆக, ஃபெடரேஷன் பேச முடியாது, எஃப்எஸ்டிஎல் திட்டம் போட முடியாது, கிளப்புகள் வருமானம் எவ்வளவு என்று தெரியாமல் வெளிநாட்டு ஆட்டக்காரர்களை எடுக்க முடியாது. பெங்களூரு முதல் அணியின் சம்பளத்தையே காலவரையின்றி நிறுத்திவிட்டது. டூராண்ட் கோப்பை இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது, அதில்கூட ஐஎஸ்எல் அணிகள் ஆறுதான் இறங்கின, நாம் அதில் இல்லை.

ஆகஸ்ட் 7-ஆம் தேதி டெல்லியில் ஃபெடரேஷன் கிளப்புகளோடு உட்கார்ந்து பேசியது. லீக் நடக்கும், அதற்கு முன் சூப்பர் கோப்பையை வைக்கலாம் என்ற பேச்சு வந்தது. என் கணிப்பு இதுதான்: செப்டம்பரை மறந்துவிடுங்கள். நீதிமன்றம் வழிவிட்டால்கூட உடனே தொடங்க முடியாது. இரண்டு மாதமாகப் பயிற்சியே இல்லாத அணியை வைத்துக்கொண்டு பத்து நாளில் யாரும் லீக் ஆட மாட்டார்கள், குறைந்தது ஆறு வாரமாவது வேண்டும். ஷிஃப்ட் மாற்றுவதை இப்போது செய்யாதீர்கள். வாட்சப்பில் தேதி போட்டு வரும் படங்களை நம்பாதீர்கள், என் கண்ணில் பட்டதே மூன்று விதமான தேதிகள்.

எனக்கு வருத்தம் எங்கே என்றால், டிசம்பர் 8 என்ற தேதி நேற்று வந்ததில்லை. 2010-லேயே தாளில் எழுதி வைத்த தேதி. பதினைந்து வருடம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஜெய்_07 பதில்:

ஒரு வருடம் நடக்காவிட்டால்தான் என்ன அண்ணா? கோவிட் நேரத்தில் ரசிகர்களே இல்லாமல் கோவாவில் மொத்த சீசனையும் ஆடினார்கள், நாம் வீட்டில் உட்கார்ந்து பார்க்கவில்லையா? இடைவெளி விட்டால் சிஸ்டம் சரியாகி நல்லபடியாகத் திரும்பி வரும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உங்கள் பொண்ணுக்கு இங்கிலாந்துப் பெண்கள் அணி மேட்ச் போட்டுக் காட்டுங்கள், போன மாதம் ஐரோப்பியக் கோப்பை ஃபைனலில் ஸ்பெயினைப் பெனால்டியில் ஜெயித்தார்கள், செம மேட்ச்.

கோவைக்காரன்_2019 பதில்:

ஜெய் தம்பி, நீங்கள் நல்ல மனசோடுதான் சொல்கிறீர்கள். ஆனால் "திரும்பி வரும்" என்ற வார்த்தையை நான் முன்பே ஒருமுறை நம்பியவன்.

2019 மார்ச் 9, கோவை நேரு ஸ்டேடியம். ஐஎஸ்எல் மாதிரி இன்னொரு தேசிய லீக்கான ஐ-லீக்கின் கடைசி நாள். கோவையில் ஆடிய எங்கள் அணி சென்னை சிட்டி ஜெயித்தால் சாம்பியன், வழுக்கினால் ஈஸ்ட் பெங்கால். அவர்கள் அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலத்தோடு ஆடிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு எதிரே மினர்வா அணி. மூன்றாவது நிமிடத்திலேயே மினர்வா கோல் போட்டுவிட்டது. ஸ்டேடியம் அப்படியே அடங்கிப்போனது, எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் ரேடியோ மாதிரி போனைக் காதில் வைத்துக் கோழிக்கோட்டு ஸ்கோரைக் கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டாம் பாதியில் பெனால்டியில் சமன் செய்தோம், அப்புறம் கௌரவ் போரா இரண்டு கோல். போரா டிஃபென்டர், அதை நினைத்துப் பாருங்கள். அந்த சீசன் முழுக்க 21 கோல் அடித்த மான்சி இருந்த அணிக்கு, கோப்பையை வாங்கிக் கொடுத்தது ஒரு டிஃபென்டரின் இரண்டு கோல். 43 புள்ளி நாங்கள், 42 ஈஸ்ட் பெங்கால். தமிழ்நாட்டு அணி ஒன்று ஐ-லீக் ஜெயித்தது அதுதான்.

அந்த அணி இப்போது எங்கே? 2020-21 சீசனைக் கோவிடால் கொல்கத்தா பக்கம் ஒரே இடத்தில் வைத்து ஆடினார்கள், அதற்குப் பிறகு ஐ-லீக்கில் அந்தப் பெயரே இல்லை. கடைசி மேட்ச் இதுதான் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கு இன்னும் கொஞ்ச நேரம் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பேன்.

பெரம்பூர் அண்ணா, உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. உங்கள் கிளப்புக்கு எங்கள் கதி வரக் கூடாது, வராது என்றுதான் நினைக்கிறேன், இரண்டு கோப்பை வாங்கிய கிளப் அது. ஆனால் ஒன்று மட்டும் செய்யுங்கள். நாங்கள் செய்யாமல் விட்டது அது. ஸ்டாண்டில் கூட நின்றவர்களைக் கலைய விடாதீர்கள். எங்கள் வாட்சப் குழுவில் 140 பேர் இருந்தோம். மேட்ச் இல்லாமல் போனதும் முதல் இரண்டு மாதம் வதந்தியைப் பகிர்ந்தோம், அப்புறம் தீபாவளி வாழ்த்து, பொங்கல் வாழ்த்து, அதோடு நின்றுவிட்டது. டிரம் வைத்திருந்த பையன் வேலைக்கு வெளியூர் போய்விட்டான், டிரம் யார் வீட்டில் இருக்கிறது என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது. நாளைக்கே கோவைக்கு ஒரு அணி வந்தால் முதல் நாள் பாட்டை எடுத்துக்கொடுக்க ஆள் இல்லை.

மகளின் நோட்டைப் பத்திரமாக வையுங்கள். நிஜமாகவே சொல்கிறேன். என்னிடம் அந்த 2018-19 சீசனின் ஒரு டிக்கெட் கூட இல்லை, எல்லாவற்றையும் ஸ்டேடியம் வாசலிலேயே கசக்கிப் போட்டுவிட்டேன்.

தூத்தூர்_அலை பதில்:

கோவை நண்பர் எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நான் குமரி மாவட்டத்துக் கடற்கரை. எங்களுக்கு ஐஎஸ்எல் வருவதற்கு முன்பும் கால்பந்து இருந்தது, அது இல்லாவிட்டாலும் இருக்கும். ஊருக்கு ஒரு கிளப், கோயில் திருவிழாவுக்கு ஒரு டோர்னமென்ட், கடலுக்குப் போகாத நாளில் மணலில் ஆட்டம். அந்த வகையில் பார்த்தால் ஜெய் சொல்வது சரி, ஒரு வருடத்தில் ஆட்டம் செத்துவிடாது.

ஆனால் பார்க்கிறவர்களுக்கு ஒரு வருடம் என்பதும் ஆடுகிறவர்களுக்கு ஒரு வருடம் என்பதும் ஒன்றில்லை. எங்கள் பக்கத்து இரவிபுத்தன்துறையைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டியில் ஆடி, அங்கிருந்து ஜாம்ஷெட்பூர் போய், பிறகு கொல்கத்தா போனார். ஒரு சீசன் நன்றாக ஆடினால் அடுத்த சீசன் பெரிய இடம், அப்படித்தான் படி ஏற முடிந்தது. அந்தப் படியில் ஒன்றை உருவிவிட்டால் கீழே நிற்கும் பையன் என்ன செய்வான்?

எங்கள் தெருவில் 22 வயதில் ஒரு பையன் இருக்கிறான். பெயர் வேண்டாம். இந்த வருடம் ஒரு கிளப்பின் ரிசர்வ் அணிக்குக் கூப்பிடுவதாகப் பேச்சு இருந்தது. ஜூலைக்குப் பிறகு போன் இல்லை. அவன் தினமும் காலை ஐந்தரைக்கு மணலில் ஓடுகிறான், அவன் அப்பா வள்ளத்தை இழுத்துக்கொண்டே அவனைப் பார்க்கிறார், ஒன்றும் சொல்வதில்லை. போன வாரம் அவன் அம்மா என்னிடம் வந்து, வெளிநாட்டு மீன்பிடி வேலைக்கு ஏஜென்ட் யாராவது தெரியுமா என்று கேட்டார். நான் தெரியாது என்று சொல்லிவிட்டேன். தெரியும். சொல்ல மனம் வரவில்லை. டிசம்பர் வரைக்கும் அவன் ஓடட்டும் என்று நினைத்தேன், அது சரியா தப்பா என்று எனக்கே தெரியவில்லை.

அதனால் இந்த லீக் எப்படியாவது, சின்னதாகவாவது நடக்க வேண்டும். பாதி மேட்ச் ஆனாலும் சரி, ஒரே ஊரில் வைத்தாலும் சரி.

ஜெய்_07 பதில்:

மன்னிக்கணும் அண்ணா, நான் ஆட்டக்காரர்கள் பக்கம் யோசிக்கவே இல்லை. இந்திய அணிக்கும் இது பிரச்சினைதான் இல்லையா? ஜூனில் ஹாங்காங்கிடம் 1-0 தோற்றோம், இப்போது காலித் ஜமீல் கோச்சாக வந்திருக்கிறார். கிளப்பில் மேட்சே ஆடாத ஆட்களைத்தானே அவர் கூப்பிட வேண்டியிருக்கும்.

மையவட்டம் பதில்:

ஆமாம், அதைத்தான் நான் எழுதாமல் விட்டுவிட்டேன். அக்டோபரில் சிங்கப்பூரோடு ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்று மேட்ச் இருக்கிறது. ஏழாம் மாதத்திலிருந்து பயிற்சியே இல்லாத கால்களோடு போகப் போகிறார்கள்.

வியாசை_மைதானம் பதில்:

அண்ணே, நீங்கள் சொன்ன அந்த 2018 கோவா செமிஃபைனலில் நானும் இருந்தேன். முதல் கோல் ஜெஜே, மூன்றாவது கோலும் ஜெஜே. நடுவில் இரண்டாவது கோல் யார் போட்டது? நம்ம தன்பால் கணேஷ், தலையால். வியாசர்பாடிக்காரன் நேரு ஸ்டேடியத்தில் சென்னை ஜெர்சியில் செமிஃபைனலில் கோல் போடுகிறான், எங்கள் ஆட்கள் இருந்த பக்கம் அன்றைக்கு யாருக்கும் குரல் மிஞ்சவில்லை.

அந்தப் பையன் கால்பந்து கற்றுக்கொண்ட ஊர் பெரம்பூரிலிருந்து பக்கம்தான். ஐஎஸ்எல் நின்றதால் எங்கள் மைதானத்தில் எதுவும் நிற்கவில்லை, முல்லை நகரில் காலையிலும் மாலையிலும் பிள்ளைகள் ஆடுகிறார்கள், பொம்பளைப் பிள்ளைகளும்தான். ஞாயிறு காலை ஆறரைக்குப் பிராக்டிஸ், அது முடிந்ததும் சின்னப் பிள்ளைகளை இரண்டு டீமாகப் பிரித்து ஒரு மேட்ச் விடுவோம். உங்கள் பொண்ணைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஆடுவாளா, பார்க்க மட்டும்தானா? ஆடுவது என்றால் ஷூ இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எங்களிடம் சைஸ் பார்த்துக் கொடுக்க நாலைந்து ஜோடி இருக்கிறது. ஸ்டாண்டில் கூட நின்றவர்கள் யாராவது வந்தாலும் சந்தோஷம், கோவை அண்ணன் சொன்னதைப் படித்த பிறகு எனக்கும் பயமாகிவிட்டது, நம் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தே நாலு மாதம் ஆகிறது.

நேரு ஸ்டேடியம் மாதிரி புல் எல்லாம் எதிர்பார்க்காதீர்கள். மண் தரை. மழை பெய்திருந்தால் வடக்குப் பக்கம் கோல் போஸ்ட் முன்னால் தண்ணீர் நிற்கும்.

பெரம்பூர்_நீலம் பதில்:

எல்லாருக்கும் நன்றி. மையவட்டம், உங்கள் பதிலை அப்படியே மகளுக்கு வாசித்துக் காட்டினேன். டிசம்பர் 8 என்பதை மட்டும் நோட்டின் மூலையில் எழுதி வட்டம் போட்டுக்கொண்டாள். "அப்ப ரத்து இல்லைதானே?" என்று இரண்டு முறை கேட்டாள். இல்லை என்றேன். ஷிஃப்ட் விஷயத்தையும் தள்ளி வைத்துவிட்டேன்.

கோவை நண்பரே, உங்கள் பதிலைப் படித்துவிட்டு பரணில் இருந்த பெட்டியை இறக்கினேன். 2018 முதல் உள்ள டிக்கெட்டுகள் பாதிக்கு மேல் இருக்கின்றன, சில மை அழிந்து வெறும் காகிதமாக இருக்கின்றன. போன செப்டம்பரில் முகமதன் அணியிடம் 1-0 தோற்ற மேட்ச் டிக்கெட்டும் கிடைத்தது, அன்றைக்குக் கோபத்தில் கிழித்துப் போட்டதாகத்தான் நினைத்திருந்தேன். தோற்றதும் சேர்த்துத்தான் ஒட்டுகிறோம். நம் ஸ்டாண்டு குழுவிலும் நேற்று எழுதினேன், பதினோரு பேர் ஞாயிறு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். டிரம் என் மச்சினன் வீட்டில்தான் இருக்கிறது, விசாரித்துவிட்டேன்.

தூத்தூர் நண்பரே, அந்தத் தம்பிக்கு உங்கள் மூலம் ஒன்று சொல்லுங்கள். சென்னையில் அவன் பெயர் தெரியாத ஒரு குடும்பம் அவனுக்காகவும் இந்த லீக்குக்குக் காத்திருக்கிறது. ஏஜென்ட் விஷயத்தில் நீங்கள் செய்தது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை.

வியாசை தம்பி, ஆடுவாளாம். ஷூ அவளிடமே இருக்கிறது. காலியாக இருக்கும் 24 வரியில் முதல் வரியை உங்கள் ஞாயிறு மேட்சுக்கு எழுதட்டுமா என்று கேட்டாள், வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும், பின்னால் புதுப் பக்கம் போடு என்றேன். போட்டுவிட்டாள். இப்போது இரண்டு டீமுக்கும் பெயர் என்ன, எத்தனை நிமிட மேட்ச் என்று என்னைப் போட்டு நச்சரிக்கிறாள், அதைக் கொஞ்சம் சொல்லிவிடுங்கள். அப்புறம், பைக்கை மைதானத்துக்குள் விடலாமா, இல்லை வெளியே தெருவிலேயே நிறுத்திவிட்டு வரவா?

வியாசை_மைதானம் பதில்:

டீமுக்குப் பெயர் எல்லாம் இல்லை அண்ணே, சட்டை போட்ட டீம், மேலே பிப் போட்ட டீம், அவ்வளவுதான். வேண்டுமானால் அவளே பெயர் வைக்கட்டும். இருபது இருபது நிமிடம். பைக் உள்ளே வேண்டாம், பந்து பட்டுவிடும், டீக்கடை ஓரமாக நிறுத்துங்கள். ஆறரைக்கு முன்னால் வந்துவிடுங்கள், வெயில் ஏறிவிட்டால் பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள்.